அகத்திமேட்டின் பச்சை விளக்குகள்

புயல் கரையைக் கடந்த ஒன்பதாம் நாள் காலையில், அகத்திமேட்டுக்கு ஒரு விருது கொடுக்கலாம் என்று பிரதீபன் சொன்னபோது அந்த அறையில் யாருக்கும் அது கோணலாகப் படவில்லை. இதழினிக்கும் படவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு அவளை நல்லவளாகக் காட்ட யாராவது கிளம்பி வரலாம்.

நாகப்பட்டினத்தில் மனிதப் பாதுகாப்பு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் அது. சுவர் முழுக்க ஒரு வரைபடம். மாவட்டத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஏழு சின்ன விளக்குகள் உண்டு. சோற்றுக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, வருமானத்துக்கு, சுற்றுச்சூழலுக்கு, உயிர்ப்பயத்துக்கு, ஊர் ஒற்றுமைக்கு, உரிமைக்கு என்று ஒவ்வொன்று. பச்சை எரிந்தால் சுகம், மஞ்சள் எரிந்தால் கவனம், சிவப்பு எரிந்தால் படகை எடு. கடந்த ஒன்பது நாளாகக் கடற்கரை நெடுகச் சிவப்புதான். அதன் நடுவே, வேதாரண்யத்துச் சதுப்பில் தீவாகிப் போன அகத்திமேட்டில் மட்டும் நாற்பத்து மூன்று வீட்டிலும் சோற்று விளக்கும் உடம்பு விளக்கும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன.

"எழுதிக்குங்க மேடம்" என்றார் பிரதீபன் இதழினியிடம். மாவட்ட அதிகாரி அவர். செய்திக்குறிப்பு என்றால் உற்சாகம் பிறந்துவிடும். "ஒரு காலத்துல பாதுகாப்புன்னா எல்லை, துப்பாக்கி, போர்க்கப்பல். உள்ள இருக்கிறவன் பட்டினியில செத்தாலும் நாடு பத்திரமா இருக்குன்னு அர்த்தம். அப்புறம்தான் உலகத்துக்குப் புத்தி வந்துது. காக்க வேண்டியது மண்ணை இல்ல, மனுஷனை. அவன் பயமில்லாம இருக்கணும், பசியில்லாம இருக்கணும், யார்கிட்டயும் போய் நிக்காம இருக்கணும்."

"சார், இது போன வருஷ அறிக்கையிலயே இருக்கு."

"இருந்தா என்ன? நல்ல விஷயத்த நாலு தடவ சொல்லலாம், தப்பில்ல. இத்தனை புயல்லயும் தன் சோத்தைத் தானே பாத்துக்கிட்ட ஊருன்னு போடுங்க. அங்க ஜனங்க என்ன பேசிக்கிறாங்கன்னு ரெண்டு வார்த்தை எடுத்துக் குடுங்க. அழகா இருக்கும்."

வார்த்தை எடுத்துக் கொடுப்பது இதழினியின் வேலை. வாரியத்தின் சொல் பிரிவுக்கு அவள்தான் தலைவி. ஒவ்வொரு வீட்டு அடுப்படிச் சுவரிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு வில்லை ஒட்டியிருக்கும். வாரியத்தார் அதற்குச் செவிலி என்று பெயர் வைத்தார்கள். ஜனங்கள் காது என்றார்கள். யார் என்ன பேசினார்கள் என்பதை அது சேர்த்து வைக்காது. எந்தச் சொல் எத்தனை தடவை வந்தது என்று மட்டும் எண்ணும். அதை வைத்து விளக்கின் நிறத்தைத் தானே முடிவு செய்து வானத்துக்கு ஒரு சிமிட்டல் அனுப்பும். செல்பேசிக் கோபுரம் சாய்ந்தாலும், மின்சாரம் போனாலும் அந்தச் சிமிட்டல் நிற்காது. எந்தச் சொல்லுக்கு எந்த நிறம் என்று தீர்மானிக்கிறவள் இதழினி.

வேலை லேசானதில்லை. ஆரம்பித்த வருடத்தில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் எல்லாம் "பசி உயிர் போகுது" என்று சொல்ல, வீட்டுக்கு வீடு சோற்றுப் பொட்டலத்தோடு வண்டி போய் நின்றது. "சிரிச்சே செத்துட்டேன்" என்ற ஒரு மாமியாரைத் தேடி மருத்துவர் ஓடினார். அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்து, தமிழன் எதைச் சொன்னால் எதை நினைக்கிறான் என்று ஐந்து வருடமாகச் செவிலிக்குப் படிப்பித்தவள் இவள். திருப்பூண்டியில் தனியாக இருந்த ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்த இரண்டு மணி நேரத்தில் மாத்திரை வாசலுக்குப் போனது. அவர் யாரிடமும் கேட்கவில்லை, மனு எழுதவில்லை, வரிசையில் நிற்கவில்லை. கையேந்த விடாமல் கொடுப்பதுதான் கொடை என்று இதழினி நம்பினாள். அந்த நம்பிக்கையில் பொய் கிடையாது.

தன் மேசைக்குப் போய் அகத்திமேட்டின் சொல் பட்டியலைத் திறந்தாள். முதல் வரியிலேயே அழகான சொல் கிடைத்தது. 'நிறைஞ்சிருக்கு'. முதல் நாள் ஆறு தடவை. இரண்டாம் நாள் முப்பத்தொன்று. நான்காம் நாள் நூற்றுப் பன்னிரண்டு. ஆறாம் நாள் இருநூற்று ஐந்து. செய்திக்குறிப்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கீழே பார்த்தாள். ஏழாம் நாள் எழுபது. எட்டாம் நாள் பத்தொன்பது. இன்று காலை வரை இரண்டு.

புயல் அடித்த தீவில் எது இருநூறு தடவை நிறையும்?

அம்மாவின் குரல் ஞாபகம் வந்தது. கும்பகோணத்து வீட்டில், அவளுக்கு எட்டு வயது இருக்கும், அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். "உப்பு நிறைஞ்சிருக்கு, ஓடிப் போய் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா." நிறைந்திருந்தால் எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்டதற்குத் தலையில் ஒரு குட்டு விழுந்தது. அடுப்படியில் நின்றுகொண்டு அரிசி இல்லை, உப்பு இல்லை, மஞ்சள் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. லட்சுமி காதில் விழுந்தால் எழுந்து போய்விடுவாள். தீர்ந்துபோனது எதுவானாலும் நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்ல வேண்டும். எத்தனை வீட்டில் எத்தனை தலைமுறையாகச் சொன்ன சொல்.

அந்தச் சொல்லுக்குச் செவிலியின் அகராதியில் இருப்பதிலேயே அடர்ந்த பச்சையைக் கொடுத்தது இவள்தான். ஐந்து வருடத்துக்கு முன்னால், குளிர்சாதன அறையில், ஒரே மதியத்தில் நானூறு சொற்களுக்கு நிறம் போட்டாள். அன்றைக்கு அம்மா ஞாபகம் வரவே இல்லை. பட்டியலில் நி வரிசை வந்தது, நிறைவு என்றால் நிறைவு, போட்டுவிட்டுப் போய்விட்டாள். தெரியாதவள் செய்திருந்தால் தெரியாமை என்று சொல்லலாம். தெரிந்தவள் செய்ததற்கு என்ன பெயர் என்று அவளுக்கே தெரியவில்லை.

சோற்று விளக்கின் கணக்கில் 'இல்லை' என்ற சொல்லைத் தேடினாள். ஒன்பது நாளும் பூஜ்யம். நூற்று அறுபது பேர் இருக்கும் ஊரில் ஒருத்தி வாயிலிருந்தும் அந்தச் சொல் வரவில்லை. அந்த வைராக்கியத்தை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

ஓடினாள். "சார், அது நிறைவு இல்ல. பஞ்சம். ஒன்பது நாளா அங்க சோறு இல்ல."

பிரதீபன் முழுதும் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. கேட்டுவிட்டு, வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திரையில் கொண்டுவந்தார். "இங்க பாருங்க. நேத்து எடுத்தது. கூரையெல்லாம் அப்படியே இருக்கு. புகை வருது பாருங்க, ஒண்ணு, ரெண்டு, எட்டு வீட்ல அடுப்பு எரியுது. சோறு இல்லாதவ அடுப்பை எதுக்குப் பத்தவைப்பா?"

"பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு பத்தவைப்பா சார். எங்க அம்மா வெறும் தண்ணிய கொதிக்க வெச்சிருக்காங்க. நான் பாத்திருக்கேன்."

"உங்க அம்மா வேற, அகத்திமேடு வேற. என்கிட்ட பதினாலு படகு இருக்கு. ரெண்டாயிரத்து முன்னூறு சிவப்பு வீடு இருக்கு. பச்சை வீட்டுக்கு ஒரு படகை அனுப்பிட்டு, சிவப்பு வீட்ல ஒண்ணு ஆயிட்டா நான் யாருக்கு என்ன பதில் சொல்றது? சொல்லை மாத்தணும்னா மாத்துங்க. மூணு பேர் கையெழுத்து, பதினஞ்சு நாள். விதி நீங்க போட்டதுதானே?"

அவள் போட்டதுதான். அவசரத்தில் யாரும் அகராதியில் கை வைக்கக் கூடாது என்று போட்ட விதி.

"அழுத பிள்ளைக்குத்தான் பால்னு ஆக்கிட்டோம் சார். அழத் தெரியாத பிள்ளை என்ன செய்யும்?"

"இதழினி, உணர்ச்சிவசப்படாதீங்க."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி சார். விருது குடுக்கப் போறோம்ல? விருதுன்னா நேர்ல போய்ப் பாக்கணும். ஒரு படகு எழுதுங்க. விருது கொடுத்தா விருந்து வெக்கணும். விழாச் செலவுன்னு பத்து மூட்டை அரிசி, பருப்பு, பால்பொடி எழுதுங்க. பச்சை வீட்டுக்கு நிவாரணம் தரக் கூடாதுன்னுதான் விதி. விருந்து வெக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல."

பிரதீபன் பேனாவை எடுத்தார். அரசாங்கம் பசிக்குக் கொடுக்காததை விழாவுக்குக் கொடுக்கும் என்பது அவருக்கும் தெரியும். கையெழுத்துப் போடும்போது அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. "உங்க கணக்கு தப்பா இருக்கணும்னு வேண்டிக்கிறேன்" என்றார்.

பதினொரு மணிக்குப் படகு கிளம்பியது. ஓட்டியவர் ரெக்சன். ஐம்பது வயது, வாய் ஓயாத மனிதர். வழியெல்லாம் சதுப்பு கடலோடு சேர்ந்து ஒரே சேற்று வெள்ளமாகக் கிடந்தது. உப்பளங்கள் இருந்த இடத்தில் வரப்புகூடத் தெரியவில்லை. சகதியில் மீன் குஞ்சு ஒன்றும் துள்ளவில்லை.

"அகத்திமேட்டுல உப்பு வார்ற சனம்தான் மேடம்" என்றார் ரெக்சன். "மானஸ்தனுவ. நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தா பந்தியில மொத ஆளா உக்காராதுங்க. டவுன்ல என் மச்சினன் இருக்கான் பாருங்க, அவனுக்கு நேர் எதிரு. காத்தால எந்திரிச்சதும் காதுக்கு நேரா நின்னு, அரிசி இல்ல, பருப்பு இல்ல, அய்யோ புள்ளைக்குப் பாலு இல்லன்னு குடும்பத்தோட ஒரு பாட்டம் அழுதுட்டுதான் காப்பி குடிப்பான். ஃப்ரிட்ஜைத் தொறந்தா கோழி உக்காந்திருக்கும்."

இதழினிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "இப்பவும் அழறாரா?"

"இப்ப பலிக்கறதில்லன்னு விட்டுட்டான். நீங்க என்னமோ பண்ணிட்டீங்களாமே?"

"ஆமாண்ணே. அதுக்கு ஒரு வழி பண்ணினோம்." அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. வேலை தெரிந்தவர்களுக்கு வரும் பெருமைதான்.

அகத்திமேடு கண்ணுக்குத் தெரிந்தபோது மணி ஒன்று. தகரக் கூரைகள், நடுவில் உப்பு மூட்டை அடுக்கும் கிடங்கு, ஒரு வீட்டில் மட்டும் புகை. படகுச் சத்தம் கேட்டு யாரும் ஓடி வரவில்லை. இதழினியை முதலில் உறுத்தியது அதுதான். எந்தத் தீவுக்கும் எந்தப் படகு போனாலும் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கி வரும். இங்கே ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

ஏறக்குறைய சனம் முழுவதும் கிடங்குக்குள் இருந்தது. உட்கார்ந்திருந்தார்கள், படுத்திருந்தார்கள். கண்கள் மட்டும் திரும்பிப் பார்த்தன. கதவருகே இருந்த ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முப்பது வயது இருக்கும். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, "வாங்க, உக்காருங்க" என்றாள். உட்கார ஒரு சாக்கையும் தட்டிப் போட்டாள்.

தன்னைத் திட்டி யாராவது கல் எறிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தச் சாக்கில் அவளால் உட்கார முடியவில்லை.

ரெக்சன் மூட்டையைப் பிரித்தார். கல் கூட்டி அடுப்பு மூட்டினார். பால்பொடியைக் கரைத்துப் பிள்ளைகளுக்கு முதலில் ஊற்றினார்கள். பசித்த வயிற்றுக்கு ஒரேயடியாகக் கொடுக்கக் கூடாது என்று கஞ்சியைத் தண்ணீராகக் காய்ச்சினார்கள். குடித்த பிள்ளைகளில் சில உடனே வாந்தி எடுத்தன. மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள்.

சாக்கு போட்டவள் பெயர் சஷ்டிகா. மூக்காயி, முனியம்மா எல்லாம் போய் உப்பளத்திலும் சஷ்டிகாக்களும் தன்விகாக்களும் வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அவள் கையில் இருந்த தம்ளரில் கஞ்சி அப்படியே இருந்தது.

"குடிம்மா" என்றாள் இதழினி.

"குடிக்கிறேங்க்கா. ஆறட்டும்."

"மொத்தம் எத்தனை பேரு இங்க?"

"நூத்தி அறுவத்திரண்டு பேருக்கா." சஷ்டிகா கிடங்கை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். "இப்ப நூத்தி அம்பத்தேழு."

ஐந்து பேர். அலுவலகத்தில் விருதுக்கு வாசகம் தேடிய நேரத்தில் ஐந்து பேர். ஒன்பது நாள் பட்டினி என்று அவள்தான் பிரதீபனிடம் சொன்னாள். ஆனாலும் சொன்னபோது அது ஒரு கணக்காகத்தான் இருந்தது. இப்போதுதான் அது ஆட்களாக ஆனது.

"மூணு பெரிய மனுஷங்க" என்றாள் சஷ்டிகா. "அஞ்சல வீட்டுக் கைக்கொழந்த ஒண்ணு. அப்பறம் எம் பொண்ணு. நாலு வயசு. நிவின்யான்னு பேரு." தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "இருந்தத வெச்சு ரெண்டு நாளு ஓட்டுனம். அப்பறம் நண்டு, சதுப்புல மொளைக்கிற வழுக்கக் கீர. மழத்தண்ணி புடிச்சு வெச்சதுல கடத்தண்ணி கலந்துட்டு. அதக் குடிச்சு வயித்தால போச்சு. உள்ள ஏதாச்சும் இருந்திருந்தா தாங்கியிருக்கும்."

இதழினி அவள் கையைப் பிடித்தாள். கேட்கக் கூடாத கேள்விதான். ஆனாலும் வாயில் வந்துவிட்டது. "நிறைஞ்சிருக்குன்னு நீங்க சொன்னது அதுக்குப் புரியலம்மா. நான்தான் அதுக்குச் சரியா சொல்லிக் குடுக்கல. தப்பு என்னோடது. ஆனா ஒரே ஒருத்தர், ஒரே ஒரு தடவ, இல்லன்னு வாய்விட்டு சொல்லியிருந்தீங்கன்னா..."

சஷ்டிகா நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னமேக்கா."

"என்ன?"

"சொன்னம். மூணாம் நாளே சொன்னம். அது மிஷினுதானே, நம்ம சொல்ற மறபேச்சு அதுக்கு வெளங்காதுன்னு எங்களுக்குத் தெரியாதா? எங்க மாமியாதான் எல்லாரையும் கூட்டுனாங்க. வெக்கத்தப் பாத்தா புள்ளைவ பொழைக்காதுடி, வாங்க, எல்லாரும் நின்னு சொல்லுவம்னாங்க. எங்க வீட்டு அடுப்படியிலதான். பதினேழு பொம்பளைங்க காதப் பாத்துக்கிட்டு நின்னம். ஒருத்திக்கும் வாய் வரல. பொறந்ததுலேருந்து சொல்லாத வார்த்தயில்ல? அரமணி நேரம் நின்னம். அப்பறம் நான்தான் மொதல்ல சொன்னேன். அரிசி இல்ல. பருப்பு இல்ல. புள்ளைக்குப் பாலு இல்ல. அப்பறம் எல்லாரும் சேந்து கத்துனம். ஒரு வீட்டுது ரிப்பேரா இருந்தா இன்னொரு வீட்டுது கேக்கட்டும்னு நாப்பத்து மூணு வீட்டுக்கும் போயிச் சொன்னம். ஒரு வீட்ட விடல."

இதழினி எழுந்துவிட்டாள். எழுந்தது அவளுக்கே தெரியாது.

ரெக்சனின் மச்சினன் மாதிரி ஆட்களுக்காக இரண்டு வருடத்துக்கு முன் அவள் ஒரு விதி எழுதினாள். சாதாரணமாகப் பேசிக்கொள்ளும்போது வரும் இல்லை உண்மையான இல்லை. செவிலிக்கு நேராக நின்று, அதை நோக்கிச் சொல்லும் இல்லை நடிப்பு. பத்துப் பேருக்கு மேல் ஒரே குரலாகச் சொன்னால் அது ஒத்திகை பார்த்த நடிப்பு. அந்த இல்லைகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதோடு, அந்த வீட்டுச் சோற்று விளக்கையும் உடம்பு விளக்கையும் எந்த நிறத்தில் இருக்கின்றனவோ அந்த நிறத்திலேயே ஏழு நாள் பூட்டிவிட வேண்டும். பூட்டியது வரைபடத்தில் தெரியக் கூடாது, ஏனென்றால் யாரையும் பொய்யர் என்று காட்டிக்கொடுப்பது வாரியத்துக்கு அழகில்லை. நாகரிகமான விதி என்று எல்லோரும் பாராட்டினார்கள். அவளுக்கு அந்த வருடம் பதவி உயர்வு கிடைத்தது அதற்காகத்தான்.

மூன்றாம் நாள் பூட்டியிருக்கிறது. நாளைக்குத் திறந்திருக்கும்.

அப்படியென்றால் நிறைஞ்சிருக்கு என்ற சொல் யாரையும் கொல்லவில்லை. அதற்குச் சிவப்பே கொடுத்திருந்தாலும், இரண்டாம் நாளின் முப்பத்தொன்று நாற்பத்து மூன்று வீட்டு விளக்கை மாற்றப் போதாது; மூன்றாம் நாள் பூட்டிய பிறகு எந்தச் சொல்லாலும் விளக்கு மாறியிருக்காது. காலையில் அவள் பார்த்த பூஜ்யம் வைராக்கியம் இல்லை. அவர்கள் தங்கள் மானத்தையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுச் சொன்ன அத்தனை இல்லையையும் அவளுடைய விதி ஒன்றுவிடாமல் துடைத்துப் போட்டிருந்தது. அதைப் பார்த்து அவள் உருகி அழுதிருக்கிறாள். நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

சஷ்டிகா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். இப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

"நான் சொல்லியிருக்கக் கூடாதுக்கா. எங்கம்மா அப்பவே சொல்லும், அடுப்படியில நின்னு அந்த வார்த்தய சொன்னா சீதேவி எந்திரிச்சு போயிடுவா, வீட்டுல இருக்கறதும் போயிடும்னு. நான் கத்திச் சொன்னேன். புள்ளைக்குப் பாலு இல்லன்னு எம் புள்ளையக் காட்டிச் சொன்னேன். மறுநாளு அதுக்கு வயித்தால போக ஆரம்பிச்சுது. அஞ்சாம் நாளு போயிட்டா. மொத வாயி என் வாயிதான். மத்தவங்க யாரும் மொதல்ல சொல்லல. நான்தான். எம் புள்ளைய நான்தான் வாரிக் குடுத்துட்டேன்."

சுற்றி இருந்த பெண்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. அவர்களும் அப்படித்தான் நம்பினார்கள் என்று இதழினிக்குப் புரிந்தது. இந்த ஒன்பது நாளில் இது எத்தனை தடவை பேசப்பட்டிருக்கும், எத்தனை பார்வை இவள் மேல் விழுந்திருக்கும். ஆறாம் நாள் இருநூற்று ஐந்து நிறைஞ்சிருக்கு. பிள்ளை செத்த பிறகு, போன சீதேவியைத் திரும்பக் கூப்பிடச் சொன்னவை.

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. மெஷின் கெட்டுப்போனது என்று சொன்னால் இவர்கள் நம்புவார்கள், பிரதீபன் நன்றிகூடச் சொல்வார். ஆனால் இந்தப் பெண் அறுபது வயது வரை உயிரோடு இருந்தாலும், பெற்ற பிள்ளையைத் தன் வாயால் கொன்றவளாகவே இருப்பாள். அதை நினைத்தபோது இதழினிக்கு வேறு வழி தெரியவில்லை. மறுபடி அவள் எதிரில், தரையிலேயே உட்கார்ந்தாள்.

"சஷ்டிகா, உன் வாயால ஒண்ணும் ஆகல. இங்க பாரு. உன் வாயால இல்ல. என் கையெழுத்தால."

சொன்னாள். டவுனில் நடித்தவர்களைச் சொன்னாள், அதற்காகத் தான் எழுதிய விதியைச் சொன்னாள், பத்துப் பேர், ஏழு நாள், பூட்டு எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைக்காமல், ரெக்சனுக்கும் கேட்கும்படி சொன்னாள். கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த ரெக்சன் கரண்டியை அப்படியே விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். சஷ்டிகா அடிப்பாள், குறைந்தது காறித் துப்புவாள் என்று இதழினி காத்திருந்தாள்.

சஷ்டிகா நெற்றியைச் சுருக்கி, ஏதோ கணக்குப் புரியாதவள் போல அவளைப் பார்த்தாள்.

"இருங்கக்கா. அது ரிப்பேரு ஆயிட்டுன்னுல்ல நாங்க நெனச்சம். காத்துல, மழையில கெட்டுப் போச்சு, நாங்க சொன்னது அதுக்கு எட்டவே இல்லன்னு." தம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப நாங்க சொன்னது அதுக்குக் கேட்டுச்சா?"

இதழினி அவள் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

"கேட்டுச்சு."

"எல்லாமா?"

"எல்லாம் கேட்டுச்சு."

சஷ்டிகா மெல்லத் திரும்பி, கிடங்குக்குள் உட்கார்ந்திருந்த மற்ற பதினாறு பெண்களையும் பார்த்தாள்.

"கேட்டுச்சாம்டி" என்றாள்.